அந்த அஞ்சில் யாருக்கு இடம்?

“நூத்துக்கு 95 பேர் போட்டா போதும்னு அவங்களே சொல்லுதாங்க. மிச்சம் அஞ்சு இருக்குல்லா மாப்ள, அதுல எங்க பிள்ளை இருந்துட்டுப் போட்டும்.”

சித்திரையில் எங்கள் ஊர் முத்தாரம்மன் கோயில் கொடைக்கு வந்திருந்த அத்தான் சொன்னது இது. பெங்களூரில் மென்பொருள் வேலை, கையில் 11 மாதப் பெண் குழந்தை, ஒன்பது மாதம் முடிந்ததும் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசி இன்னும் போடவில்லை. ஊசி போட்டால் அது வரும் இது வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை அவர். நம்பியிருந்தால் எனக்கு வேலை சுலபம், நாலு வார்த்தை சண்டை போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன். இவரோ தடுப்பூசி வேலை செய்கிறது என்கிறார், ஊரே போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறார், ஊரே போட்டுக்கொள்வதால்தான் தன் பிள்ளைக்குத் தேவையில்லை என்கிறார். காய்ச்சல் வரும், ரெண்டு நாள் ராத்திரி தூங்கவிடாது, எதற்கு வீண் தொந்தரவு என்பது அவர் நியாயம். அந்தப் பக்கம் வில்லுப்பாட்டில் அம்மன் முத்துப் போட்ட கதை ஓடிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் பந்தலில் உட்கார்ந்து அம்மை ஊசி வேண்டாம் என்று ஒருவர் கணக்கு சொல்கிறார், கேட்ட எனக்குச் சட்டென்று மறுகணக்கு வரவில்லை.

நான் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தணிக்கை பார்க்கிறவன். யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால் எதில் எத்தனை, எந்தத் தேதி வரை, யார் எண்ணியது என்று கேட்பதுதான் பிழைப்பு. கடன் வசூல் 95 சதவீதம் என்று ஒரு சங்கம் சொன்னால் என் கண் அந்த 95ஐப் பார்க்காது, வராமல் நிற்கிற அஞ்சு யார் பேரில் இருக்கிறது என்றுதான் பேரேட்டைப் புரட்டும். ஐம்பது விவசாயிகளிடம் கொஞ்சம் கொஞ்சம் நின்றால் அது ஒரு மாதிரி, மொத்தமும் தலைவரின் மச்சினன் பேரில் நின்றால் அது வேறு மாதிரி. அப்படிப்பட்டவன் தடுப்பூசியில் மட்டும் 95 என்றதும் தலையாட்டிக்கொண்டு இருந்துவிட முடியுமா என்ன, பாளையங்கோட்டைக்குத் திரும்பிய பிறகும் அந்த அஞ்சு மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

சூத்திரம் ஒன்றும் பெரிய சூத்திரம் இல்லை. நோய் எதிர்ப்பே இல்லாத கூட்டத்துக்குள் ஒரு நோயாளி நுழைந்தால் சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுப்பார் என்பது ஆர் நாட், கொரோனா சமயத்தில் டிவியில் காது புளிக்கக் கேட்டதுதான். தட்டம்மைக்கு (எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மணல்வாரி என்பார்கள்) அது 12லிருந்து 18 வரை என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. நடுவில் 15 என்று வைத்துக்கொள்வோம். 15 பேருக்குப் போகக்கூடிய நோயில் 14 பேர் ஏற்கெனவே எதிர்ப்பு உள்ளவர்களாக இருந்துவிட்டால் ஒருவருக்குத்தான் போகும், மேற்கொண்டு பெருகாது. 15இல் 14 என்பது 93.3 சதவீதம். இதே கணக்கு 12க்கு 91.7, 18க்கு 94.4. இதைக் கொஞ்சம் தாராளமாக முழு எண்ணாக்கினால் 95. அத்தான் பிடித்துக்கொண்ட எண் இதுதான். போலியோவுக்கும் பெரியம்மைக்கும் இதே வழியில் போட்டால் 80, 85 பக்கம் வரும்.

இங்கேதான் முதல் இடறல். அந்த 93.3 எதிர்ப்பு உள்ளவர்களின் எண்ணிக்கை, ஊசி போட்டவர்களின் எண்ணிக்கை அல்ல. ரெண்டு தவணை தட்டம்மை ஊசி போட்டால் நூற்றுக்கு 97 பேருக்கு எதிர்ப்பு நிற்கும், மூன்று பேருக்கு நிற்காது. 95 பேருக்குப் போட்டால் அதில் 92 சொச்சம்தான் பலன் தரும். ஆர் நாட் 12ஆக இருந்தால் அது தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஒட்டும், 15ஆக இருந்தால் ஒட்டாது. 15க்கு ஒட்டவைக்க வேண்டும் என்றால் 93.3ஐ 97ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 96.2 வருகிறது. அதோடு விட்டால் பரவாயில்லை. ஒன்பது மாதத்தில் போடுகிற ஒற்றைத் தவணைக்குப் பலன் 85 சதவீதம் பக்கம்தான், ஏனென்றால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் அந்த வயதில் சில பிள்ளைகளுக்கு இன்னும் மிச்சம் இருந்து ஊசியை வேலை செய்யவிடாது. 93.3ஐ 85ஆல் வகுத்துப் பாருங்கள். 109.8. நூறு பிள்ளைகள் இருக்கிற ஊரில் 110 பிள்ளைகளுக்கு ஊசி போட வேண்டும்! தணிக்கைக்காரன் நூறைத் தாண்டிய சதவீதத்தைப் பார்த்தால் எங்கோ கள்ளக்கணக்கு என்று நினைப்பான், ஆனால் இங்கே கணக்கு சரிதான், ஒரே தவணையால் இந்த நோயை நிறுத்தவே முடியாது என்பதைத்தான் அது சொல்கிறது. நம் நாட்டில் ரெண்டாம் தவணை 2010லிருந்துதான் வரத் தொடங்கியது. இப்போது அது 16லிருந்து 24 மாதத்துக்குள்.

ஆக அத்தான் கேட்ட இடம் எப்போதோ நிரம்பிவிட்டது. ஊசி போட்டும் எதிர்ப்பு நிற்காத அந்த மூன்று பேர் முதலில் உட்கார்ந்துவிட்டார்கள், அவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியாது. ஒன்பது மாதம் ஆகாத கைக்குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்கள். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு வலுவைக் குறைத்த உயிருள்ள கிருமி இருக்கிற இந்தத் தடுப்பூசியைப் போடவே கூடாது, அதற்கு ஓர் இடம். விரும்பி வந்து உட்காருகிறவருக்கு மிச்சம் என்று எதுவுமே இல்லை. இதைப் போனில் சொன்னபோது அத்தான் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அப்ப எனக்கு எப்படி இதுவரைக்கும் வரல?’ என்றார். நல்ல கேள்வி. அவரும் நானும் 1985க்குப் பிறகு பிறந்தவர்கள். அந்த வருஷம்தான் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது, அப்போது தட்டம்மைக்கு ஒரு தவணைதான். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போட்டார்களே, அது 15 வயது வரைக்கும்தான், எங்களைத் தொடவில்லை. எங்கள் அம்மா, ஆச்சி தலைமுறை மணல்வாரி வந்தே எதிர்ப்பு சம்பாதித்தவர்கள், எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் ரெண்டு தவணை போட்டவர்கள், நடுவில் நாங்கள் ஒற்றைத் தவணைக்காரர்கள், அதுவும் போட்டிருந்தால். அத்தானுக்குப் போட்டதா என்று அத்தையிடம் கேட்டேன். “போட்டிருப்போம்லா” என்றாள். அட்டை எங்கே என்றால் வீடு வெள்ளையடித்தபோது போயிற்றாம்.

இன்னொன்றும் அவரிடம் சொன்னேன். சுற்றியிருக்கிறவர்களுக்கு எதிர்ப்பு இருப்பதால் நமக்கும் வராது என்கிற இந்தக் கூட்டுப் பாதுகாப்புக் கதையெல்லாம் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுகிற நோய்க்குத்தான். ரணஜன்னிக் கிருமி மண்ணில் கிடக்கிறது, ஊரில் அத்தனை பேரும் ஊசி போட்டிருந்தாலும் போடாத பிள்ளையின் காலில் குத்துகிற ஆணிக்கு அது தெரியாது. அந்த ஊசியெல்லாம் போட்டாச்சு என்றார். நல்லது.

15 எங்கிருந்து வந்தது

சூத்திரத்தில் எதை மாற்றினாலும் விடை மாறுகிறது என்றால், அந்த 15ஐ யார் எப்படி எண்ணினார்கள் என்பது அடுத்த குடைச்சல். ஒரு நோயாளியின் பின்னாலேயே நடந்து போய் யாரும் எண்ணவில்லை. தடுப்பூசி வருவதற்கு முன்னால் ஓர் ஊரில் பிள்ளைகளுக்குச் சராசரியாக எந்த வயதில் நோய் வந்தது என்று பார்த்தார்கள். நோய் எவ்வளவு வேகமாகப் பரவுகிறதோ அவ்வளவு சின்ன வயதில் பிள்ளையைப் பிடித்துவிடும். மக்கள்தொகை ஏறாமல் இறங்காமல் நிலையாக இருக்கிற இடத்தில் சராசரி ஆயுளை அந்தச் சராசரி வயதால் வகுத்தால் ஆர் நாட் தோராயமாகக் கிடைக்கும். 70 வருஷ ஆயுள், 5 வயதில் நோய் என்றால் 14. பள்ளிக்கூடம் சேர்வதற்குள் மணல்வாரி வராத பிள்ளையே கிடையாது என்று எங்கள் ஆச்சி சொல்வாள், அந்த ஒரு வரியில் பாதிக் கணக்கு இருக்கிறது.

ஆனால் இது அந்த ஊருக்கு, அந்தக் காலத்துக்கு, அந்தக் கூட்டத்துக்கான எண். நோய்க்கென்று நெற்றியில் எழுதி ஒட்டின எண் கிடையாது. அதுவரை வெளிவந்த தட்டம்மை மதிப்பீடுகளை 2017இல் ஓர் ஆய்வுக்குழு தொகுத்துப் பார்த்தபோது 3.7லிருந்து 203 வரை கிடைத்திருக்கிறது. 203! ஜனநெருக்கடி, வீட்டில் எத்தனை பேர், பிறப்பு விகிதம், எத்தனை பிள்ளைகள் ஒரே அறையில் என்று எல்லாமே அதற்குள் போகிறது. பீடி சுற்றுகிற பெண்கள் மடியில் தட்டோடு ஒரே திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் எல்லாம் அவர்களைச் சுற்றியே விளையாடுகிற முக்கூடல் பக்கத்துத் தெருவுக்கும், ரெண்டு பேர் மட்டும் கதவை அடைத்துக்கொண்டு குடியிருக்கிற அடுக்குமாடி வீட்டுக்கும் ஒரே எண் பொருந்தாது. கொடை சமயத்தில் மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து இறங்குகிற கூட்டத்தோடு மூன்று நாள் எங்கள் ஊரின் எண் எங்கேயோ போய் நிற்கும்.

பலன் சதவீதமும் அப்படித்தான். போலியோ சொட்டு மருந்து மூன்று தவணை கொடுத்தால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற பலன் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை என்பதை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் கிருமியியல் மருத்துவர் டி. ஜேக்கப் ஜான் 1970களிலேயே காட்டினார். ஊர் ஊராக ஒரே நாளில் திரும்பத் திரும்பக் கொடுத்துத்தான் 2011 ஜனவரியோடு அந்த நோயை நிறுத்த முடிந்தது. கொரோனாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 60 வந்தால் போதும், 70 வந்தால் போதும் என்று பேசிக்கொண்டிருந்தோம், 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுவதும் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது 67.6 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள் இருந்தது, அடுத்த ஜனவரியில் ஒமைக்ரான் வந்து வீட்டுக்கு வீடு படுக்கவைத்துவிட்டுப் போனது. கிருமி மாறினால் இலக்கும் மாறும்.

மைனியின் நீள நோட்டு

என் மைனி சேரன்மகாதேவிப் பக்கம் கிராம சுகாதார செவிலியர். ஊரில் நர்சம்மா. இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் போட்டு எடுத்துக்கொண்டு ஒரு புதன்கிழமை அவள் ஊசி போடுகிற இடத்துக்கே போய் உட்கார்ந்தேன். ஐஸ் பேக் அடுக்கின நீலப் பெட்டி, அதன் பக்கத்தில் ஒரு பேரேட்டு நோட்டு. தட்டம்மை மருந்து பொடியாக வரும், கூடவே வருகிற நீரில் கரைத்த பிறகு நாலு மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அஞ்சு பேருக்கான குப்பியை அன்றைக்கு ஒரே ஒரு பிள்ளைக்காக உடைத்தாள். வீண்தானே என்றேன். “இந்தப் பிள்ளைய அடுத்த புதன்கிழமை வான்னு அனுப்பினா வராது தம்பி, பாட்டிதான் தூக்கிட்டு வந்திருக்காவ, அம்மாக்காரிக்கு லீவு முடிஞ்சு போச்சு” என்றாள்.

என் தாளைப் பார்த்தாள். சிரிக்கவெல்லாம் இல்லை, அவளுக்கும் கூட்டத்தில் இதெல்லாம் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். மையில் எழுதினதெல்லாம் ஊரோடு இருக்கிற பிள்ளைகள். பென்சிலில் எழுதினது தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த பெண்களின் பிள்ளைகள், அழித்து எழுத வசதியாக. எங்கள் பக்கத்தில் பெண் எங்கே கட்டிக்கொடுக்கப்பட்டிருந்தாலும், தாராவியோ திருப்பூரோ, முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான். பிறந்ததும் போடுவது இங்கே, ஆறாவது வாரம் இங்கே, பத்தாவது, பதினாலாவது வாரம் பெரும்பாலும் இங்கே. அஞ்சாம் மாதம் நல்ல நாள் பார்த்துக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். தட்டம்மை ஊசி ஒன்பதாம் மாதம். அந்தப் பெண் அப்போது அங்கே போய் ஒரு நர்சைத் தேட வேண்டும், அந்த நர்சின் பட்டியலில் இந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை. அதனால் மைனியின் நோட்டில் முதல் ஊசிகளுக்கான பக்கங்கள் பிதுங்கி வழிகின்றன, ஒன்பதாம் மாதப் பக்கத்தில் பென்சில் பெயர்களுக்கு எதிரே போன் நம்பர் மட்டும் இருக்கிறது. போன் போட்டு, அட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, வந்தால் ஒரு டிக். வராவிட்டால் அந்தப் பிள்ளை எந்த ஊர்ச் சதவீதத்திலும் இல்லை.

எதில் எத்தனை என்று கேட்டேனே, அந்த ‘எதில்’ இப்படி ஆடுகிறது. போட்ட ஊசிகளைப் போட வேண்டிய பிள்ளைகளால் வகுத்தால் சதவீதம், போட வேண்டிய பிள்ளைகள் எத்தனை என்பது பாதி மதிப்பீடு. அலுவலகக் கணக்கும் வீடு வீடாகப் போய்க் கேட்கிற கணக்கும் ஒட்டாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். தேசியக் குடும்பநல ஆய்வில் 2015–16இல் தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் முழுமையாக ஊசி போட்டவர்கள் 70 சதவீதம் பக்கம் என்று வந்ததும் எல்லோரும் திடுக்கிட்டார்கள், 2019–21இல் அது 89 ஆயிற்று.

அவள் நோட்டில் என்னை உலுக்கினது இது எதுவும் இல்லை. கடைசிப் பக்கங்களில் தெரு வாரியாக ஒரு பட்டியல் வைத்திருந்தாள், யாரும் கேட்காமல், தன் சௌகரியத்துக்கு. பெரும்பாலான தெருக்களில் விடுபட்டவர் ஒன்று, ரெண்டு, இல்லையென்றால் யாருமே இல்லை. ஒரே ஒரு தெருவில் பெயர்கள் பக்கம் கொள்ளாமல் ஓரத்தில் ஏறியிருந்தன. ஏன் என்றதற்கு அவள் ஒரு காரணம் சொல்லவில்லை, ஏழெட்டு சொன்னாள். ஒரு பிள்ளைக்கு ஊசி போட்ட மறுநாள் வலிப்பு வந்தது, அந்த வீட்டு ஆச்சி சொன்னதைத் தெருவே கேட்கும், 2017இல் வந்த வாட்ஸ்அப் வீடியோ இன்னும் போகவில்லை, இப்படி.

வீட்டுக்கு வந்து ஒரு கற்பனை ஊரை வைத்துக் கணக்குப் போட்டேன். 20 தெரு, தெருவுக்குச் சமமான பிள்ளைகள். 19 தெருவில் 98 சதவீதம், ஒரு தெருவில் 38. சராசரி எவ்வளவு தெரியுமா, அச்சாக 95. மேலே போகிற அறிக்கையில் இந்த ஊர் பாஸ். இப்போது அதே 15, அதே 97. 19 தெருக்களில் எதிர்ப்பில்லாதவர்கள் நூற்றுக்கு 5 பேர், ஒரு நோயாளி சராசரியாக ஒருவருக்குக்கூட முழுசாகக் கொடுக்க மாட்டார், 0.74தான். அந்த ஒரு தெருவில், பிள்ளைகள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே விளையாடுகிறார்கள் என்றால், நூற்றுக்கு 63 பேர் எதிர்ப்பில்லாதவர்கள், ஒரு நோயாளி ஒன்பது பேருக்கு மேல் கொடுப்பார். ஒரே ஊர், ஒரே 95. சூத்திரம் பொய் சொல்லவில்லை, எல்லோரும் எல்லோரோடும் ஒரே மாதிரி கலந்து பழகுகிறார்கள் என்று அது வைத்துக்கொள்கிறது, நம் ஊரில் எவன் அப்படிப் பழகுகிறான்? கல்யாணம், கோயில், பள்ளிக்கூடம், தண்ணீர்க் குழாய் என்று தனித்தனியாகத்தானே கூடுகிறோம். குளத்துக்கரையின் சராசரி உயரத்தை அளந்துவிட்டு யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை, 2023 டிசம்பர் மழையில் கரையைக் காவல் காத்தவர்களைக் கேட்டால் எந்த இடத்தில் மண் கரைகிறது என்பதைத்தான் சொல்வார்கள்.

அத்தான் மாதிரி ஆட்களும் ஊரெல்லாம் தூவின மாதிரி ஒவ்வொருவராக இருப்பதில்லை. ஒரே மாதிரி யோசிக்கிறவர்கள் ஒரே குடியிருப்பில் வீடு வாங்குகிறார்கள், ஒரே இயற்கைவழிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கிறார்கள், ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். ஊரின் அஞ்சு சதவீதம் அந்த வகுப்பறையில் அறுபதாக இருக்கலாம்.

இதில் புதுசாக நான் ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. பெரியம்மையை ஒழிக்க 1962இல் நம் நாட்டில் திட்டம் தொடங்கியபோது இலக்கு 80 சதவீதம். எண்ணிக்கையைக் காட்டுவதற்குக் கைக்கு எட்டுகிற பள்ளிப் பிள்ளைகளுக்கே திரும்பத் திரும்ப அம்மை குத்தினார்கள், கணக்கில் ஏறியது, நோய் போகவில்லை. பிறகு சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டு, எங்கே நோய் என்று வீடு வீடாகத் தேடி, கண்ட இடத்தில் சுற்றியிருக்கிற அத்தனை பேருக்கும் போட்டார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் முடிந்தது.

தெருவாரிக் கணக்கை எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளியிட வேண்டும் என்று முதலில் நினைத்தேன். மைனி வேண்டவே வேண்டாம் என்றாள். கொரோனாவில் வீட்டுக் கதவில் தகரம் அடித்தோமே, ஸ்டிக்கர் ஒட்டினோமே, அப்புறம் அந்தத் தெருவுக்குள் நர்சை விடுவார்களா என்று கேட்டாள். சரிதான். அந்தப் பட்டியல் அவள் கையில் இருக்கட்டும், ஆனால் மேலே இருக்கிறவர்கள் அவளிடம் கேட்கிற கேள்வி உங்கள் சதவீதம் எவ்வளவு என்பதாக இல்லாமல், விடுபட்டவர்கள் எங்கே சேர்ந்து இருக்கிறார்கள் என்பதாக மாறலாம். அந்தப் பெயர் நிரம்பின தெருவுக்கு ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கினால் ஊர் முழுக்க ஒரு சதவீதம் ஏற்றுவதைவிடப் பலன் அதிகம், இது கணக்கிலேயே தெரிகிறது.

அவள் ஏற்கெனவே தன்னளவில் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற செங்கல் சூளைக்கு வெளி மாவட்டத்திலிருந்தும் வடக்கேயிருந்தும் குடும்பத்தோடு வேலைக்கு வருகிறார்கள். அந்தப் பிள்ளைகள் அவளுடைய இலக்கில் கிடையாது, புதன்கிழமை அவர்களால் வரவும் முடியாது. சூளைக்காரரிடம் சொல்லிவைத்து, கூலி போடுகிற நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருகிறாள். போட்டதைப் போட்டதாக எழுதியதும் அவளுடைய சதவீதம் நூறைத் தாண்டிவிடுகிறது, எண்களைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்பவும் என்று மேலேயிருந்து தாள் வருகிறது. ஒவ்வொரு தடவையும் சூளைப் பிள்ளைகளின் பெயர்களைத் தனித்தாளில் எழுதி இணைத்து அனுப்புகிறாள். அந்தத் தனித்தாளுக்கு என்று படிவத்தில் இன்னும் கட்டம் இல்லை.